மூக்கு முட்ட ஒரு விரால்

எங்கள் குடும்பத்தில் மீனுக்கு அளவு சாண் கணக்குதான். என் தாய்மாமா எப்போதோ ஒரு விரால் பிடித்தார். பிடித்த வருஷம் அது மூன்று சாண். குழம்பாகி, முள் காக்காய்க்குப் போன பிறகும் அந்த மீன் வளர்ந்துகொண்டே வந்தது. என் கல்யாணத்தின்போது மூன்றரைச் சாண், என் மகள் காதுகுத்துக்கு நாலு. போகிற போக்கில் அது குளத்துக்குள் அடங்காது என்று அத்தை சொல்வாள்.

அதனால் நான் ஒரு பெரிய விராலைப் பிடித்தால் அதன் நீளம் இவ்வளவுதான் என்று சுவரில் மாட்டிவைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. துபாயில் இருக்கும் அத்தான் தன் நண்பர் வீட்டில் ஒரு மீன் மாட்டியிருக்கும் படத்தை அனுப்பினார். பார்த்தால் அசல் மீன், ஆனால் முழுக்க ஃபைபர். பிடித்த மீனை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள், அளவை வைத்து உருவம் செய்கிறார்கள். செத்த மீனைப் பதப்படுத்திப் பாடம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். மீனின் தோலைப் பாடம் பண்ணினால் எண்ணெய் கசியும், துடுப்பு காய்ந்து ஒடியும், நிறமும் போய்விடும். கடைசியில் அதற்கும் பெயின்ட்தான் அடிக்க வேண்டும். எப்படியும் பெயின்ட்தான் என்றால் எதற்கு ஒரு உயிரை எடுக்க வேண்டும்?

வெளிநாட்டில் இதைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு மீனுக்கும் பல அளவுகளில் அச்சு வைத்திருப்பார்கள். நாம் கொடுக்கிற அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற அச்சை எடுத்து வார்த்து, நம் படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டுவார்கள். நம் விராலுக்கு அப்படி அச்சு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. சரி, அச்சையும் நாமே செய்வோம் என்று காருக்குறிச்சிக்குப் போனேன். பானையும் அடுப்பும் செய்கிற ஊர். கோயில் குதிரை செய்து பழகிய ஒரு வேளார் களிமண்ணில் மீன் செய்து தர ஒத்துக்கொண்டார். அதன் மேல் அச்சு எடுத்து வார்ப்பதற்குத் திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறை.

சுவருக்கு வந்தது இரண்டாவது மீன்தான். முதல் மீனை நானே கெடுத்தேன்.

ஒரு சித்திரை மாதம், குளம் வற்றி இடுப்பளவுத் தண்ணீரில் நல்ல விரால் ஒன்று மாட்டியது. சந்தோஷத்தில் கையை முன்னால் நீட்டிப் பிடித்தபடி நாலு படம் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை அண்டாவில் சுருண்டு கிடந்ததை அம்மாவின் தையல் டேப்பை முதுகு மேல் ஓட்டி அளந்தேன். 70 சென்டிமீட்டர். அப்புறம் சந்தேகம் வந்து நேராக நீட்டி அளந்தால் 65. வேளாரிடம் இரண்டையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. மண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "மூக்குல இருந்து செவுளு எவ்வளவு? நடுவுல உருண்டையா, தட்டையா? வாலுக்கு முன்னால எம்புட்டு ஒடுங்குது? முதுகுத் துடுப்பு எங்கன ஆரம்பிக்கி?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்போ நான் எதைப் பாத்துச் செய்ய, தம்பி?"

அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு நான் செய்ததெல்லாம் அந்தத் தாளுக்குப் பதில் தேடியதுதான்.

முதலில் பலகை. எங்கள் தெரு ஆசாரி மூன்றரை அடிப் பலகை ஒன்றின் ஒரு முனையில் செங்குத்தாக ஒரு சிறு பலகையை அறைந்து தந்தார். மீனின் மூக்கு அதில் முட்ட வேண்டும். கீழே ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேலை, பூஜ்யம் சரியாக அந்த முட்டுப் பலகையைத் தொடும்படி திருகிவைத்தோம். பள்ளிக்கூட மர ஸ்கேல் வேண்டாம், அதில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். தையல் டேப்பையும் இரும்பு ஸ்கேலில் ஒத்துப்பார்த்தேன். அம்மாவின் டேப் இழுபட்டு இழுபட்டு, அதில் 100 என்று இருந்த இடம் நிஜத்தில் 101½. எங்கள் வீட்டு ஜாக்கெட்டுகள் லூசாக இருந்ததன் ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. புது டேப் வாங்கினேன். கூடவே ஆசாரியின் பழைய கவராயம் ஒன்றும், ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு முழம் ஈயக் கம்பியும்.

குளம் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நிரம்புவது. மீன்பாசி குத்தகை எடுத்திருந்த அண்ணாச்சியிடம் போய், தூண்டில் போட்டு ஒரு மீன் பிடிப்பேன், அளந்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவேன் என்று சொன்னேன். "புடிச்ச மீனத் திருப்பி விடுத ஆள இப்பத்தாம்ல பாக்கேன்" என்றார். மறுபடி அவர் தண்ணீருக்கே வருகிற மீன்தானே, அனுமதி சுலபமாகக் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன்: செம்பட்டை நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மிதக்கிற இடத்தில் தூண்டில் போடக் கூடாது. விரால் குஞ்சுக்குக் காவல் நிற்கும். அதைப் பிடித்தால் கூட்டமே மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை சின்னச் சின்ன விரால்தான். ஆறாவது ஞாயிறு, ஆகாயத்தாமரை ஓரம் ரப்பர் தவளையைத் தத்தித் தத்தி இழுத்தபோது தண்ணீர் வெடித்தது. மாமா கூட இருந்தார், வலைக்கூடையில் வாங்கினார். உடனே "நாலு சாண்" என்றார்.

இங்கே விராலுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றை மூச்சாக வாங்குகிற மீன். ஈரச் சாக்கில் வைத்தால் தாக்குப்பிடிக்கும். கெண்டை, கட்லாவை இப்படி நிதானமாக அளந்துகொண்டிருந்தால் செத்துப்போகும். அவற்றுக்கு நீளம், நடுச் சுற்று, ஒரு படம், அவ்வளவுதான் நேரம்.

மருத மர நிழலில் பலகையைச் சமமாக வைத்து, குளத்துத் தண்ணீரை ஊற்றி நனைத்தோம். காய்ந்த பலகையும் காய்ந்த கையும் மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அதுதான் அதற்குத் தோல் மருந்து. ஈரத்துணியைக் கண் மேல் போட்டதும் துள்ளல் அடங்கியது. மூக்கை முட்டுப் பலகையில் வைத்தேன். முதல் அளவு 69. பார்த்தால் வாய் திறந்திருக்கிறது. தாடையை விரலால் மூடிப்பிடித்து, உடம்பை நேராக்கி, வாலை இயல்பாக விட்டுப் பார்த்தால் 67.8. எடுத்துவிட்டு மறுபடி வைத்தோம்: 68, 67.7. மூன்றுக்கும் நடுவில் இருந்த 67.8-ஐ எழுதினேன். விரால் வால் உருண்டை, அதனால் இதில் குழப்பமில்லை. கட்லா மாதிரி கவை வால் மீன் என்றால் கவை வரை எவ்வளவு, வால் நுனியைச் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். எது எது என்று எழுதாமல் விட்டால் இரண்டும் வீண்.

டேப்பை மீன் மேல் ஓட்டாதீர்கள் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதுகு வளைவோடு போகிற டேப் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். மாமாவின் மீன் வளர்ந்ததற்குக்கூட இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது சுற்றளவு. ஒரே இடத்தில் எடுத்தால் போதாது. செவுளுக்குப் பின்னால் 30, நடு உடம்பில் 33, வாலுக்கு முன்னால் ஒடுங்குகிற இடத்தில் 14. டேப் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. ஆனால் 33 சென்டிமீட்டர் சுற்று என்றால் உருளையாகவும் இருக்கலாம், பலகை மாதிரி தட்டையாகவும் இருக்கலாம். வேளார் கேட்ட "உருண்டையா, தட்டையா" இதுதான். கவராயத்தால் நடுவில் உயரம் 11, அகலம் 10 என்று எடுத்தோம். ஏறக்குறைய உருளை. வாலுக்கு முன்னால் வந்தால் உயரத்தில் பாதிதான் அகலம். ஈயக் கம்பியை முதுகின் குறுக்கே மெல்ல அழுத்தி, அந்த வளைவு கலையாமல் எடுத்து நோட்டில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். மூன்று இடத்தில் மூன்று வளைவு. வேளார் பிற்பாடு எல்லா எண்களையும்விட அதிகம் பார்த்தது இந்த மூன்று கோட்டைத்தான்.

தலை 18, கண்ணின் குறுக்களவு, மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு ஆரம்பிக்கிற இடம், முடிகிற இடம். இவற்றை மாமா கத்திச் சொல்ல நான் எழுதினேன். எடையை ஈரச் சாக்கோடு தொங்கல் தராசில் போட்டு, சாக்கின் எடையைக் கழித்தோம்: 2 கிலோ 620. தூண்டில்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. அங்குலத்தில் நீளத்தை, சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி 800-ஆல் வகுத்தால் பவுண்டில் எடை. சென்டிமீட்டரில் என்றால் 28,900-ஆல் வகுத்தால் கிலோ. எனக்கு 2 கிலோ 550 வந்தது. ஒல்லி மீனுக்கு இந்தக் கணக்கு கூடுதலாகக் காட்டும், தோராயம்தான். ஆனால் தராசும் கணக்கும் இவ்வளவு பக்கத்தில் வந்தால் டேப்பைப் பிடித்ததில் பெரிய பிசகு இல்லை என்று தைரியம் வருகிறது.

படத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் இருந்தது. மீனைப் பலகையில் வைத்து ஸ்கேலோடு சேர்த்து எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வீட்டில் முந்தின வாரம் 68 சென்டிமீட்டரில் ஒரு வாழைத்தண்டை வெட்டி ஒத்திகை பார்த்தபோது, படத்தில் அது 71-ஐத் தாண்டி நின்றது. யோசித்தால் காரணம் எளிது. ஸ்கேல் பலகையில் கிடக்கிறது, தண்டின் நடுவயிறு பலகைக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் 95 இருப்பது 100 ஆகத் தெரிகிற கணக்கில் தண்டு பெரிதாகத் தெரியும். அதனால் இரண்டாவது ஸ்கேல் ஒன்றைத் தீப்பெட்டிகள் மேல் வைத்து மீனின் நடு உயரத்துக்கு ஏற்றினோம். மாமாவின் வண்டி சீட் மேல் ஏறி நின்று, தள்ளி இருந்து ஜூம் போட்டு எடுத்தேன். இரண்டு பக்கமும், தலைக்கு மேலிருந்தும், துடுப்பை விரித்துப் பிடித்தும். ஃபிளாஷ் இல்லை. நிறத்துக்கான படத்தை எல்லாவற்றுக்கும் முதலிலேயே, வலைக்கூடையில் இருக்கும்போதே எடுத்தது நல்லதாயிற்று. அளந்து முடிப்பதற்குள் பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகள் வெளிறத் தொடங்கியிருந்தன.

தண்ணீரில் விட்டதும் மீன் ஒரு நொடி அப்படியே நின்றது. அப்புறம் சேற்றைக் கலக்கிக்கொண்டு போய்விட்டது.

வேளாரிடம் நோட்டைக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இதச் சுடணுமா?" சுட்டால் மண் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு வரைகூடப் போகும். 68 செய்தால் 61 கிடைக்கும். சுட வேண்டாம், பச்சை மண் மேலேயே பிளாஸ்டர் அச்சு எடுக்கப்போகிறோம் என்றேன். "சுடாத மண்ணுக்கு நான் எதுக்கு" என்று முனகினாலும் நான்கு நாளில் முடித்துத் தந்தார். பச்சை மண்ணும் காய்ந்தால் சுருங்கும் என்பதால் இரவில் ஈரச் சாக்கு போட்டு மூடிவைக்க வேண்டும். ஒரு நாள் நான்தான் மூடினேன், வால் பக்கம் சாக்கு விலகியிருந்தது. காலையில் கவராயம் வைத்தால் 8 மில்லிமீட்டர் குறைவு. வாலைப் பிய்த்துப் புதிதாக ஒட்டினார், என் முகத்தைப் பார்க்காமலே.

பட்டறையில் வார்த்து, தேய்த்து, வண்ணம் பூசி வீட்டுக்கு வந்தது. பலகையில் வைத்துப் பார்த்தேன்: 67.6. வார்ப்பில் இரண்டு மில்லிமீட்டர் போனால் போகட்டும்.

ஹாலில் மாட்டிய அன்று மாமா வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார். "அன்னைக்கு இதவிடப் பெருசுல்லா இருந்துச்சு, மாப்ள."

நான் பேசவில்லை. நோட்டையும் பலகையையும் எடுத்து வந்து முன்னால் வைத்தேன். சாண் போட்டுப் பார்த்தார். மூன்று சாணும் ஒரு விரலும் வந்தது. கொஞ்ச நேரம் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையில கெடந்த பலகைதான இது," என்றார், "சுருங்கியிருக்கும்."