கயிற்றைப் பிடித்த நாலு பேர்

கப்பர்நகூமுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கலிலேயாக் கடலின் வடகரை. திரும்பிய பக்கமெல்லாம் கறுப்பான எரிமலைக் கல். இயேசுவின் சீடர் பேதுருவின் வீடு என்று வழிவழியாகச் சொல்லப்படும் இடத்துக்கு மேலே, 1990-இல் அர்ப்பணிக்கப்பட்ட எண்கோண ஆலயம் தூண்களில் நிற்கிறது. உள்ளே நடுத்தரை கண்ணாடி. குனிந்தால் பழைய சுவர்கள் தெரிகின்றன.

இந்த ஊர் வீட்டுச் சுவர்கள் சாந்தில்லாமல் அடுக்கிய கற்கள், கனத்த கூரையைத் தாங்காது என்றார் வழிகாட்டி. மரக்கட்டை, கிளைகள், மேலே மண் பூச்சு, அவ்வளவுதான். கைகால் விழுந்த திமிர்வாதக்காரனை இயேசுவிடம் சுமந்து வந்த நாலு பேர், கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்கியது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது.

அதைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்தைப் போதகர் வாசித்தார். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்கிற பகுதிதான். ஆனால் அன்று, இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே அங்கே இல்லை. கயிறு என்று மாற்கு எழுதவில்லைதான். ஆனாலும் கயிறு கட்டித்தான் இறக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாலு பேரில் ஒருவர் சட்டென்று தளர்த்தினாலும் படுக்கை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். மேலே இருப்பவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துப் பார்த்துத்தான் விட்டிருக்க வேண்டும்.

என் மனைவி இறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் எனக்கு ஜெபம் வரவில்லை. வேதத்தைத் திறப்பேன், மூடிவிடுவேன். சபையிலிருந்து சிலர் வாராவாரம் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் வசனம் எதையும் அடுக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். உட்கார்ந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். நான் ஆமென்கூடச் சொன்னதில்லை. ஒரு வாரமும் அவர்கள் வராமல் இருந்ததுமில்லை. இந்தப் பயணத்துக்கு என் பெயரைக் கொடுத்ததும் அவர்கள்தான். அந்தக் கண்ணாடித் தரையைப் பார்த்தபடி நின்றபோது, இத்தனை நாளும் நான் எங்கே படுத்திருந்தேன், யார் சுமந்தார்கள் என்று தெரிந்தது.

பேதுருவின் அந்த வீட்டின் ஓர் அறைச் சுவர்களுக்கு மட்டும் முதல் நூற்றாண்டிலேயே சாந்து பூசியிருந்ததாம். விசுவாசிகள் அங்கே கூடியதால்தான் அப்படி என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். ஒரு மீனவர் வீட்டு அறைக்குள் எத்தனை பேர் உட்கார முடியும்? நெருக்கியடித்துத்தான் இருந்திருப்பார்கள்.

அப்புறம் எருசலேம். சிங்க வாசலுக்குப் பக்கத்தில் பெதஸ்தா குளம். இரண்டு குளங்கள், நாலு புறமும் மண்டபம், நடுத் தடுப்பின்மேல் ஐந்தாவது. இப்போது எல்லாம் ஆழத்தில் கிடக்கும் இடிபாடுகள். எங்களோடு வந்த ஒரு வயதான அம்மாவுக்கு முழங்கால் வலி. படிகளைப் பார்த்ததும், "தம்பி, நான் மேலேயே இருந்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார். இரண்டு பேர் கீழ்ப்படியில் நின்று கை கொடுத்தார்கள், நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. பத்துப் படி இறங்க வெகுநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அங்கே யோவான் 5 வாசித்தோம். முப்பத்தெட்டு வருஷம் வியாதியாய்க் கிடந்தவன், குணமாகும்படி தன்னைக் குளத்தில் கொண்டுபோய் விட 'ஒருவருமில்லை' என்கிறான். நோயைவிட அந்தச் சொல்தான் எனக்குப் பாரமாக இருந்தது. அவனைச் சுற்றிலும் மண்டபம் நிறைய ஆட்கள். கப்பர்நகூமில் கிடந்தவனுக்கு நாலு பேர், இவனுக்கு ஒருவருமில்லை. நம் ஆலயங்களின் கடைசி வரிசையிலும் இப்படி யாராவது வந்து உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் எழுந்து போகிறார்களா? அந்தக் கேள்வியை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

பக்கத்திலேயே சிலுவைப்போர் வீரர்கள் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய அன்னாள் ஆலயம். கல் வளைவுகளில் பட்டு, குரல் அடங்க வெகுநேரமாகிறது. பத்துப் பேர் பாடினாலும் பெரிய பாடகர் குழு போலக் கேட்கும். நாங்கள் ஒரு பழைய கீர்த்தனையைத் தொடங்கினோம். முதல் சரணத்தில் என் மனைவியின் நினைப்பு வந்து எனக்குக் குரல் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. பக்கத்தில் அந்த அம்மா, இன்னும் என் கையை விடாமல், உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணத்தில் நானும் சேர்ந்துகொண்டேன்.