தேயிலைக் கட்டிக்குள் மஞ்சள் உருண்டைகள்

போன மாதம் சிங்கப்பூர் சைனாடவுனில் ஃபூ தேயிலைக் கட்டி ஒன்று வாங்கினேன், குடிப்பதற்காக அல்ல, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதற்காக. சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ஆன்ஹுவா பக்கம் செய்யும் கருந்தேயிலை இது. செங்கல் மாதிரி அழுத்தி வைத்திருப்பார்கள். உடைத்தால் இலைகளுக்கு நடுவே ரவை தூவியது போல மஞ்சள் புள்ளிகள் தெரியும். சீனர்கள் இதைப் பொற்பூ என்கிறார்கள். பூ நிறைய இருந்தால் கட்டி உசத்தி. ஒவ்வொரு புள்ளியும் ஆஸ்பெர்ஜில்லஸ் கிரிஸ்டாட்டஸ் என்ற பூஞ்சையின் கனியுறுப்பு, அதாவது விதை போன்ற ஸ்போர்கள் உருவாகும் உறுப்பு. எந்தப் பக்கமும் வாய் இல்லாமல் முழுக்க மூடிய உருண்டை, அதாவது கிளைஸ்டோதீசியம்.

இந்தச் சொல்லைப் பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. குடுவை போலிருந்து மேலே துளை இருந்தால் பெரிதீசியம், கோப்பை போல விரிந்திருந்தால் அப்போதீசியம், மூடியே இருந்தால் கிளைஸ்டோதீசியம். கிரேக்கத்தில் கிளைஸ்டோஸ் என்றால் மூடியது, தீக்கே என்றால் பேழை. என் நோட்டில் 'மூடுபேழை' என்று எழுதிக்கொண்டேன். படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய ஒன்றை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற ஆசையில் அன்று இரவே உட்கார்ந்துவிட்டேன்.

ஊசி முனையால் ஒரு புள்ளியை எடுத்து ஸ்லைடில் வைத்தேன். வெறும் தண்ணீர் விட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால், அது பரவியதும் தண்ணீர் என்று மாற்றியதும் சரியானது. ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் எலுமிச்சை நிற உருண்டை, சுற்றிலும் மஞ்சள் இழைகள். பென்சிலின் ரப்பர் முனையால் கவர் ஸ்லிப்பை மெல்ல அழுத்தினேன். சுவர் ஓரிடத்தில் வெடித்து, ஸ்போர்கள் மணல் மூட்டை அவிழ்ந்தது போலக் கொட்டின. காலியான சுவர் ஒரு தகடாக மிஞ்சியது. தரையில் ஓடு பதித்தது போல, பலகோண செல்கள் ஒரே அடுக்காகப் பொருந்தியிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்துவிட்டேன்.

ஆனால் நான் தேடியது எட்டு ஸ்போர்கள் அடங்கிய பையை, அதாவது ஆஸ்கஸை. பத்துப் பன்னிரண்டு உருண்டைகளை உடைத்தும் ஒரு பைகூட இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வகையில் ஸ்போர் முதிரும்போது பையின் சுவர் கரைந்துவிடும். கடைக்கு வரும் தேயிலைக் கட்டியில் எல்லாமே முதிர்ந்தவை. பை வேண்டுமென்றால் இளசாகப் பிடிக்க வேண்டும், அதற்கு நானே வளர்க்க வேண்டும்.

வளர்க்கும் தட்டுக்கு அகர் அகர், 2 சதவீதம் மால்ட் பொடி, 20 சதவீதம் சர்க்கரை. குக்கரில் 20 நிமிடம் வைத்து எடுத்தேன். சர்க்கரையை இவ்வளவு போடுவது இந்தப் பூஞ்சை வறண்ட, இனிப்பான இடத்தை விரும்பும் என்பதால். மற்ற பூஞ்சைகள் பலவும் அங்கே தடுமாறும். அப்படியும் முதல் தட்டில் கறுப்புப் பூஞ்சை புகுந்துவிட்டது. திறக்காமலே குக்கரில் வேக வைத்து வீசினேன். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தட்டை டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஸ்போரை மூச்சில் இழுப்பது நல்லதல்ல.

இரண்டாவது தட்டில் நான்காம் நாள் வெள்ளை இழை, ஏழாம் நாள் மஞ்சள் புள்ளிகள். ஓரத்தில் சாம்பல் பச்சையாகக் கொனிடியத் தலைகளும் நின்றன, பை இல்லாமல் வெளியிலேயே ஸ்போர்களைத் தாங்கும் காம்புத் தலைகள் இவை. உருண்டையும் தலையும் ஒரே பூஞ்சையின் இரு நிலைகள் என்று 1854இல் காட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி. அதற்கு முன் உருண்டைக்கு யூரோஷியம் என்றும் தலைக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்றும் தனித்தனிப் பெயர்.

ஒன்பதாம் நாள் பை கிடைத்தது! வட்டமான, மெல்லிய பைகள், உள்ளே எட்டு ஸ்போர்கள் நெருக்கியடித்துக்கொண்டு. பைகள் உருண்டை முழுக்கச் சிதறிக் கிடந்தன, எந்த வரிசையும் இல்லை. பதினாறாம் நாள் அதே தட்டில் பைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில் ஸ்போர் கிணற்றுக் கப்பி போலத் தெரிந்தது. நடுவில் பள்ளம், இருபுறமும் விளிம்பு. கிரிஸ்டாட்டஸ் என்றால் கொண்டை உள்ளது. அந்தப் பெயர் இந்த விளிம்பால் வந்தது.

அப்புறம், என்னிடம் பழைய ஸ்லைடு ஒன்று உண்டு. செடிகளுக்குச் சாம்பல் நோய் தரும் ஃபிலாக்டினியா என்ற பூஞ்சையின் கனியுறுப்பு, லேபிளில் கிளைஸ்டோதீசியம். இதுவும் மூடிய உருண்டைதான். அடியில் குமிழும் நுனியில் கூர்மையுமாக முட்கள் சுற்றி நிற்கும். ஆனால் உள்ளே பைகள் சிதறியில்லை. அடியிலிருந்து வாழைச்சீப்பு போல ஒரே அடுக்காக எழுகின்றன, சுவர் பிளவாகத் திறந்து வழிவிடுகிறது. அதனால்தான் இப்போது இதைக் கேஸ்மோதீசியம் என்கிறார்கள். கேஸ்மா என்றால் பிளவு. வெளியே பார்த்து ஒரே பெயர் வைத்த இரண்டும் உள்ளே இவ்வளவு வேறாக இருப்பதை, இரண்டு ஸ்லைடையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். பள்ளிப் பாடம் வடிவத்தை மட்டும் சொன்னது, திறக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

லேபிளை மாற்றி ஒட்டியாயிற்று. மூன்றாவது தட்டு அலமாரியில் இருக்கிறது, இன்று ஐந்தாம் நாள். இந்த முறை ஏழாம் நாளிலிருந்து தினமும் ஒரு உருண்டை உடைத்து, பை எந்த நாளில் கரையத் தொடங்குகிறது என்று குறிக்கப் போகிறேன்.