பள்ளி பஸ்ஸில் என் மகனுக்கு நடந்த தொல்லை: புகாரை வாங்க வைத்த அனுபவம்

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனைப் பள்ளி பஸ்ஸில் பெரிய வகுப்புப் பையன்கள் சிலர் தினமும் படுத்திக்கொண்டிருந்தார்கள். பட்டப்பெயர் வைத்தார்கள், டிபன் பாக்ஸைப் பிடுங்கினார்கள். ஒருநாள் பையில் தண்ணீர் ஊற்றி, நோட்டெல்லாம் மை கலைந்து வந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

வகுப்பு ஆசிரியை அக்கறையானவர்தான். ஆனால் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்து, "ஸாரி சொல்லு, கை குடு" என்று முடித்துவிட்டார். மறுநாளே "போட்டுக் குடுத்தியா?" என்று தொல்லை இரட்டிப்பானது. சமமான இரண்டு பேர் சண்டை போட்டால் கைகுலுக்க வைக்கலாம். ஒருவன் பயந்து நடுங்கும் இடத்தில் அது ஆபத்து. தனித்தனியாக விசாரிக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

அடுத்து அலுவலகம். "எழுத்துல எல்லாம் எதுக்கு மேடம், பஸ் விஷயம்னா டிரான்ஸ்போர்ட்ல கேளுங்க" என்று கடிதத்தைத் தொடவே இல்லை. டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளர், "பசங்கன்னா அப்படித்தான்" என்று பிரின்சிபாலிடம் அனுப்பினார். பிரின்சிபால் மீட்டிங்கில் இருந்தார். போட்ட லீவு வீண்.

கடிதத்தை மாற்றி எழுதினேன். கோபத்தை எடுத்துவிட்டு தேதி, நடந்தது, பார்த்தவர்கள் என்று மட்டும் வைத்தேன். நனைந்த நோட்டின் படங்களையும் சேர்த்தேன். புல்லியிங் தடுப்புக் குழு அமைக்கச் சொல்லும் சிபிஎஸ்இயின் 2015 சுற்றறிக்கையையும், பஸ்ஸில் உதவியாளர் இருக்க வேண்டும் என்னும் தமிழ்நாட்டின் 2012 பள்ளிப் பேருந்து விதிகளையும் குறிப்பிட்டேன். எங்கள் பஸ்ஸில் உதவியாளர் காலையில் மட்டும்தான் வருவார். தொல்லை முழுக்க மாலையில்!

பிரின்சிபாலுக்கு மெயில் அனுப்பிவிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசினேன். கட்டணமில்லாத எண், பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு பள்ளியிலிருந்தே அழைப்பு வந்தது. அதே அலுவலகத்தில் என் நகலில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். எழுத்தில் கொடுத்தால் சீல் இல்லாமல் திரும்பாதீர்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். "உங்க பையனை வேற பஸ்ஸுக்கு மாத்திடலாம்" என்றார்கள். முடியாது என்றேன். தொல்லை கொடுத்தவர்கள் இருக்க, அவன் ஏன் இடம் மாற வேண்டும்? கடைசியில் அந்தப் பையன்களை முன் சீட்டுக்கு, உதவியாளர் பக்கத்தில் மாற்றினார்கள். மாலையிலும் இப்போது உதவியாளர் வருகிறார்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் பேசலாம்.