அம்மாவின் நேர்த்தி

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் ஏறியபோது நாங்கள் திருகோணமலையில் இருந்தோம். காணாமல் போன தம்பி பின்னேரம்தான் உயிரோடு கிடைத்தான். அன்றிரவு ஒரு கோவில் வளவில் முகம் தெரியாதவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு அம்மா நேர்ந்துகொண்டார்: "மாதாவே, உன் கோவிலில் நானும் என் கையால் பசித்தவர்களுக்குச் சோறு போடுவேன்."

அப்பாவின் சுகவீனம், கையில் காசில்லாமை என்று தள்ளிக்கொண்டே போனது. திருச்சபையின் யூபிலி ஆண்டிலாவது செய்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றதால், 2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு என்று நாள் குறித்தோம்.

மட்டக்களப்பிலிருந்து முதல் நாளே திருகோணமலைக்குப் பஸ் ஏறினோம். வாகரை, வெருகல், மூதூர் என்று நெடுக ஒரே நெரிசல். முழங்கால் வருத்தக்காரியான அம்மாவுக்குப் பாதி வழி வரை ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மாவோ செபமாலையை உருட்டியபடி நின்றார். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்துக்கிடந்த காலத்தை நினைத்தால் இது ஒன்றுமில்லையாம். இறங்கியதும் "புறாத்தீவா, கன்னியா வெந்நீரூற்றா?" என்று ஓட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாதா கோவிலுக்கு என்றதும் இரண்டு மடங்கு கூலி கேட்டார்கள். வயதானவர்களோடு வருகிறவர்கள் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள்.

புனித மரியாள் பேராலயம் 1852இல் கட்டியது. அந்த வானநீல முகப்பைக் கண்டதும் அம்மாவின் களைப்பெல்லாம் போய்விட்டது.

ஞாயிறு பூசையில் வாசித்த நற்செய்தி லூக்கா 12. இடையை வரிந்துகட்டி, விளக்கேற்றி, தலைவனுக்காக விழித்திருக்கும் ஊழியர்கள். வேளாவேளைக்கு மற்றவர்களுக்குப் படியளக்கும் வீட்டுப் பொறுப்பாளன். நாங்கள் நாள் பார்த்தபோது இந்த வாசகம் வரும் என்று யாருக்குத் தெரியும்! அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நன்மை (நற்கருணை) வாங்கியபின் மாதா சுருவத்தின் முன்னால் முழங்காலில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தபடி நின்றார். என்ன மன்றாடினார் என்று தெரியாது. "தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன் தாயே" என்றது மட்டும் கேட்டது. பின்னால் நின்ற தம்பி தேம்பித் தேம்பி அழுதான். எனக்கும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் பந்தி. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சூடைமீன் குழம்பு. எங்களுக்கு உதவிய சிஸ்டர் விடியற்காலையிலேயே படுக்கையில் கிடக்கும் நோயாளர்களுக்கு நன்மை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர். வந்த கையோடு கிடாரத்தடியில் நின்று சோறு வடித்தார். அவருக்கு அதுவும் இதுவும் ஒரே ஊழியம். சும்மா வந்தவர்கள், சாப்பாட்டுக்கென்றே வந்தவர்கள், வேறு சமயத்தவர்கள் என்று யாரையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மா கடைசி ஆள் வரை பரிமாறினார். கால் நடுங்குவதைக் கண்ட சிஸ்டர் அகப்பையை வாங்கினார். "அம்மா, இனி நீங்க இருங்க, நான் போடுறேன்." விழித்திருந்த ஊழியர்களைத் தலைவனே பந்தியில் இருத்திப் பணிவிடை செய்வான் என்று காலையில் காதால் கேட்டதை அங்கே கண்ணால் கண்டேன். ஆண்டவரே, உமக்கு எப்படி நன்றி சொல்வேன்! அன்று கஞ்சி ஊற்றிய அந்தக் கைகளையும், அவர்கள் எங்கிருந்தாலும், ஆசீர்வதியும்.

மிஞ்சிய சோற்றை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக நிற்பவர்களிடம் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமும் வரலாமா என்று அம்மா சிஸ்டரிடம் கேட்டுவிட்டார்.