வெறும் பஞ்சிலும் ஊதா

ஜூன் 10, செவ்வாய்

லேபில் ஐஸ் மெஷின் படுத்து மூன்று நாளாகிறது. பஞ்சில் வளரும் செல்களுக்கு இன்று பதினான்காம் நாள், உடைத்து உள்ளிருக்கும் புரதத்தை எடுத்தே ஆக வேண்டும். விடிய முன்னே தெர்மாகோல் பெட்டியோடு உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். "எத்தனை கிலோ மீனுக்குங்க?" என்றார் ஐஸ்காரர். மீன் இல்லீங்க, செல்லுக்கு என்றேன். என் கையிலிருந்த போனை ஒரு மாதிரி பார்த்தார்.

ஐஸ் இல்லாமல் ஆகாது. செல் உடைந்ததும் உள்ளே அடங்கிக் கிடந்த புரோட்டியேஸ் என்ற நொதிகள் கிளம்பி மற்றப் புரதங்களை வெட்டித் தள்ளும். குளிர்ந்தால்தான் அதன் கொட்டம் அடங்கும். அதற்கான தடுப்பு மருந்தான பிஎம்எஸ்எஃப்பையும் லைசிஸ் பஃபரில், அதாவது செல்லை உடைக்கும் கரைசலில், கடைசி நிமிடத்தில்தான் சேர்க்க வேண்டும். அது தண்ணீர் பட்டால் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும்.

பிளாஸ்டிக் தட்டில் வளர்ந்த செல் என்றால் சுரண்டி எடுத்துவிடலாம். இது பட்டுப் பஞ்சு. கோபியில் அப்பிச்சி வீட்டுச் சந்திரிகையில் (பட்டுப்புழு கூடு கட்டும் தட்டு) எடுத்த கூட்டை, சோடியம் கார்பனேட்டில் கொதிக்கவிட்டு செரிசின் பசையை நீக்கிச் செய்தது. செல்லெல்லாம் துளைக்குள்ளே இருக்கும். 200 மைக்ரோலிட்டர் பஃபர் விட்டேன், பஞ்சு மொத்தத்தையும் குடித்துவிட்டது. பிபெட்டில் ஒரு சொட்டு வரவில்லை.

அப்புறம் பஞ்சைக் கத்தரியால் நறுக்கி, சின்ன டியூபின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, அதைப் பெரிய டியூபுக்குள் வைத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றினேன். இட்லித் துணியைப் பிழிந்த மாதிரி நீர் கீழே இறங்கியது, சக்கை மேலேயே நின்றது. அந்த நீரை மறுபடி 4 டிகிரியில், 14,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுற்றினேன்.

ஜூன் 11, புதன்

பிசிஏ போட்டேன். செம்பை வைத்துப் புரத அளவு பார்க்கும் சோதனை, புரதம் கூடக்கூட ஊதா ஏறும். நல்ல கத்தரிப்பூ ஊதா! சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் செய்து சொல்லியும்விட்டேன்.

மத்தியானம் சீனியர் அக்கா வந்து, "செல் போடாத பஞ்சு ஒண்ணு வெச்சியா கண்ணு?" என்றார். நல்லவேளை, செல் வளர்க்கும் அதே மீடியத்தில் ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. அதையும் அதே மாதிரி நறுக்கிச் சுற்றினேன். அதுவும் ஊதா. ஏறக்குறைய பாதி ரீடிங்.

மீடியத்தில் பத்து சதவீதம் மாட்டு சீரம் இருக்கிறது, பஞ்சும் புரதம்தான். செம்புக்கு யார் வீட்டுப் புரதம் என்ற விசாரணை கிடையாது, ரீடிங் எடுக்கும் 562 நானோமீட்டர் ஒளியில் எல்லாம் ஒன்றுதான்.

ஜூன் 13, வெள்ளி

புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டி, சாயம் ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. வெறும் பஞ்சின் வரிசையில் 66 கிலோடால்டன் பக்கம் தடியாக ஒரு கோடு, சீரம் ஆல்புமின். வேறெதுவும் சொல்லும்படி இல்லை. போன மாதம் குழு கூட்டத்தில் நான் காட்டிய படத்திலும் இதே கோடு இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 16, திங்கள்

இரண்டாவது தொகுதி. உடைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சீரம் இல்லாத மீடியம். ராத்திரி முழுக்க வைக்கலாம் என்றார்கள். பட்டினி போட்டால் செல்லின் புரதக் கணக்கே மாறும் என்று எனக்குப் பயம். பிறகு பஞ்சை வளர்ப்புத் தட்டின் புதுக் குழிக்கு மாற்றினேன், பழைய குழியின் அடியில் ஒட்டிய செல் கணக்கில் சேராமலிருக்க. குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை, ஃபோர்செப்ஸால் லேசாக அமுக்கி அமுக்கிக் கழுவினேன்.

வெறும் பஞ்சு இப்போது வெளிறிய ஊதா. அதைக் கழித்தால் மிஞ்சுவது முன்பு துள்ளிக் குதித்ததில் பாதிகூட இல்லை. இனி பஞ்சு மூன்றை ஒன்றாகச் சேர்த்துத்தான், குறிப்பிட்ட புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் போக வேண்டும். ஐஸ் மெஷினுக்கு இன்னும் ஆள் வரவில்லை. உக்கடத்துக்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் அவராகவே பெட்டியை வாங்கிக்கொள்கிறார்.