உபுண்டுவில் பொதிகளை நிறுவியதும் நீக்கியதும்

மண்டபத்தில் எங்கள் பகுதி நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் பழைய அச்சு ஆண்டறிக்கைகள் தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டதால், அவற்றை ஸ்கேன் செய்து தேடக்கூடிய எழுத்துகளாக மாற்றித் தரும் வேலையை ஆனி மாதம் ஏற்றுக்கொண்டேன். வீட்டிலிருந்த கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதில் டெசராக்ட் என்னும் எழுத்துணரி நிரலை நிறுவ வேண்டியிருந்தது. டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் கட்டளை தட்டி ஒன்றை நிறுவியது எனக்கு அதுவே முதல் முறை.

உபுண்டுவில் நிரல்கள் 'பொதி' என்னும் தொகுப்புகளாக, களஞ்சியம் என்னும் இணையச் சேமிப்பிடத்திலிருந்து வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் நிரல் ஆப்ட்; முன்னால் வரும் 'சூடோ' நிர்வாகி உரிமையைத் தருகிறது. 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்ற கட்டளை, பெயரைப் பார்த்து நான் நினைத்ததுபோல, எந்த நிரலையும் புதுப்பிப்பதில்லை. களஞ்சியத்தில் எந்தப் பொதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கிக்கொள்கிறது. அடுத்து 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து டெசராக்டை நிறுவினேன். அதனுடன் ஆங்கிலம்தான் வந்தது. தமிழுக்கு 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' என்ற தனிப் பொதி தேவைப்பட்டது. ஸ்கேன் பிடிஎஃப்பின் மேல் எழுத்தைப் பதிக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரலையும் சேர்த்துக் கேட்டேன்.

அது நிறுவப்பட்டுக்கொண்டிருந்தபோது கச்சான் காற்றில் மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் பேட்டரியின் முனைகள் உப்புக்காற்றில் பூத்துப்போயிருந்ததால் கணினி அப்படியே அணைந்தது. மின்சாரம் வந்தபின் எதை நிறுவச் சொன்னாலும், ஆப்டுக்குப் பின்னால் வேலை செய்யும் டிபிகேஜி என்ற நிரல் இடையில் நின்றுவிட்டது என்ற பிழைச்செய்தியே வந்தது. பதற்றத்தில் அதே கட்டளையை நான்கு முறை தட்டிவிட்டு, கீழக்கரையில் இருக்கும் நண்பரின் தம்பியை அழைத்தேன்.

"அண்ணே, திரும்பத் திரும்ப இன்ஸ்டால் போடாதீங்க. அது என்ன செய்யச் சொல்லுதுன்னு கடைசி வரைக்கும் படிங்க" என்றார்.

தீர்வு அந்தச் செய்தியிலேயே இருந்தது: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ'. எந்தப் பொதிக்கு வேறு எவை துணையாகத் தேவை என்று கணக்கிட்டு இறக்கித் தருவது ஆப்டின் வேலை. அவற்றைப் பிரித்து வைத்து, பிறகு ஒவ்வொன்றையும் இயங்கும் நிலைக்கு அமைப்பது டிபிகேஜியின் வேலை. பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமல் நின்றவற்றை அந்தக் கட்டளை முடித்துவைத்தது. பிறகு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' கொடுத்ததும் எல்லாம் சீரானது.

நிறுவுவதைவிட நீக்குவதற்கே அதிகக் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. சங்கத்துக்கு வெறும் எழுத்துக்கோப்பே போதும் என்றானதால், ஓசிஆர்மைபிடிஎஃப்பை 'ஆப்ட் ரிமூவ்' மூலம் நீக்கினேன். தேவையற்ற துணைப்பொதிகளை 'ஆட்டோரிமூவ்' கொடுத்து அகற்றலாம் என்று கணினி சொல்லவே, அதையும் தட்டினேன். தொடரலாமா என்ற கேள்விக்கு முன்னால் வந்த பட்டியலில் அன்பேப்பர் என்ற பெயர் இருந்தது. ஸ்கேன் பக்கங்களின் கறுத்த ஓரங்களைத் துடைக்க நான் தினமும் பயன்படுத்திவந்த நிரல் அது. நான் அதைப் பெயர் சொல்லி நிறுவியதில்லை, ஓசிஆர்மைபிடிஎஃப்புக்குத் துணையாக வந்தது. ஆகவே அந்த நிரல் போனதும் இதற்கும் வேலையில்லை என்று கணினி முடிவு செய்திருந்தது. அந்தக் கேள்வியில் ஆம் என்பதற்கான 'ஒய்' (Y) பெரிய எழுத்தில் இருப்பதால் வெறும் என்டரே சம்மதமாகிவிடும். இல்லை என்பதற்கான 'என்' (n) கொடுத்து நிறுத்தினேன். 'ஆப்ட்-மார்க் மேனுவல் அன்பேப்பர்' என்று கட்டளையிட்டபின், நானே கேட்டு நிறுவியதாக அது பதிவாகி, பட்டியலிலிருந்து விலகியது.

'ரிமூவ்' நிரலை நீக்கினாலும், கணினி முழுமைக்கும் பொதுவான அதன் அமைப்புக்கோப்புகளை விட்டுவைக்கும். பொதிகளைப் பட்டியலிடும் 'டிபிகேஜி -எல்' கட்டளையில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் அப்படி எஞ்சியவையே. 'பர்ஜ்' அவற்றையும் அகற்றும். ஆனால் நம் ஹோம் கோப்புறையில் நிரல்கள் எழுதிவைத்த மறைகோப்புகளை இரண்டுமே தொடுவதில்லை. தேவையில்லையென்றால் நாமே பார்த்து அழிக்க வேண்டும்.

இப்போது எதை நீக்கும் முன்பும் கட்டளையுடன் '-எஸ்' சேர்த்து ஒத்திகை பார்த்துக்கொள்கிறேன். அதில் எதுவும் அழியாமலே, அழியப்போகும் பட்டியல் வந்துவிடுகிறது. யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி மாற்றியாயிற்று. ஆண்டறிக்கைகளில் இன்னும் மூன்று கட்டுகள் மேசைமேல் இருக்கின்றன.