ஒரே மெட்டு, நாலு பாட்டு: கிட்டார்ல இதுவரைக்கும் வந்தது

அமெரிக்காவோட கிராமத்து பாணி இசையான கன்ட்ரி மியூசிக்ல ஒரே மெட்டு, 1929-லேருந்து 1952-க்குள்ள நாலு வேற வேற பாட்டா வந்து நாலுமே பேர் வாங்கிடுச்சு. அந்த நாலையும் வரிசையா, நடுவுல நிறுத்தாம வாசிச்சு ரெக்கார்ட் பண்ணணும்னு இறங்கியிருக்கேன். கார்ட்ஸ் (பல சுரத்த ஒண்ணா சேத்து வாசிக்கிறது) ஒண்ணும் பெரிய விஷயமில்ல, ஜி-ல ஆரம்பிச்சு சி-க்கு போயி டி தொட்டுட்டு திரும்ப ஜி, அவ்ளோதான். கஷ்டமெல்லாம் வலது கையிலதான்.

முதல் பாட்டு கார்ட்டர் ஃபேமிலிங்கிற குடும்பக் குழு 1929-ல விக்டர் கம்பெனிக்கு பாடின 'ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை புளூ ஐஸ்'. இதுல மேபெல் கார்ட்டர் கட்டை விரலால தடி கம்பிகள்ல மெட்ட வாசிச்சுக்கிட்டே ஆள்காட்டி விரலால மெல்லிசு கம்பிகள்ல கார்ட தடவி விடுவாங்க, கேக்குறதுக்கு ரெண்டு கிட்டார் மாதிரி இருக்கும். எனக்கு தடவுற சத்தம் மெட்ட முழுங்கிடுது. கட்டை விரல்ல மாட்டுற தம்ப் பிக் போட்டு, ஆள்காட்டி விரல் ரொம்ப மெல்லிசான ரெண்டு கம்பிய மட்டும் லேசா தொடுற மாதிரி வெச்சுக்கிட்டு, தாளம் தட்டுற மெட்ரோனோம ரொம்ப ஸ்லோவா ஓடவிட்டு பழகினப்புறம்தான் மெட்டு தனியா எந்திரிச்சு வருது.

ரெண்டாவது, ராய் அக்கஃப் 1936-ல சிக்காகோல ரெக்கார்ட் பண்ண 'கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்ட்'. காதல் பாட்டோட மெட்டுல பைபிள் பாட்டு, எரேமியா 12-ம் அதிகாரத்துல வர்ற பல நிறப் பறவைதான் விஷயம். இதுக்கு டோப்ரோ வேணும், அதாவது படுக்க வெச்சு ஸ்லைடால வாசிக்கிற, உலோகத் தட்டு வெச்ச கிட்டார், எங்கிட்ட இல்ல. சாதா கிட்டார்ல ஸ்லைடு (கம்பி மேல வழுக்கி விடுற குழாய்) வெச்சு ஒப்பேத்திட்டு இருக்கேன், அது கிட்டார் கழுத்துல குறுக்கால இருக்குற ஃபிரெட்ல மோதி டக் டக்னு சத்தம் வருது, இது இன்னும் பாதிதான்.

மூணாவதும் நாலாவதும்தான் உண்மையிலேயே மஜா. 1952-ல ஹாங்க் தாம்ப்ஸன் பாடின 'தி வைல்டு சைடு ஆஃப் லைஃப்' வெளிவருது, விட்டுட்டு பாருக்கு திரும்பிப் போன பொண்ண பத்தின பொலம்பல், இந்த மாதிரி பொண்ணுங்களையும் கடவுள்தான் படைச்சாரானு கேப்பாரு, பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி சார்ட்ல 15 வாரம் முதலிடம். அதே வருஷம் மே மாசம் நாஷ்வில்ல கிட்டி வெல்ஸ் அதே மெட்டுலயே 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'னு எசப்பாட்டு பாடிட்டாங்க. கடவுள் இல்லப்பா, கல்யாணம் ஆகியும் ஆகாத மாதிரி திரியுற ஆம்பளைங்கதான் காரணம்னு. எழுதுனது ஜே.டி. மில்லர்னு ஒரு ஆம்பளைதான், அது வேற கதை. அந்தம்மா ரெக்கார்டிங்குக்கு வர்ற 125 டாலருக்காகத்தான் ஒத்துக்கிட்டாங்களாம். என்பிசி ரேடியோ தடை போட்டும் பாட்டு முதலிடத்துக்கு போச்சு, தனியா பாடின ஒரு பெண்ணுக்கு அந்த சார்ட்ல அதுதான் முதல் தடவ.

இந்த ரெண்டையும் சரணம் சரணமா மாத்தி மாத்தி பாடிப் பாத்தேன், செமயா ஒட்டுது. கிட்டி வெல்ஸ் குரல்ல கோவமே இருக்காது, அதனாலதான் அந்த பதில் சுருக்குனு குத்துதுன்னு எனக்கு தோணுது. நான் அழுத்திப் பாடினா மேடை நாடகம் மாதிரி ஆயிடுது, அதனால ஸ்டிரம்மிங்க கொறச்சு, பேசுற மாதிரியே விட்டுட்டேன். இந்த டேக் ஓகே.

கடைசியா ஒட்டுறதுக்கு டேவிட் ஆலன் கோ 1977-ல போட்ட 'இஃப் தட் ஏன்ட் கன்ட்ரி' இருக்கு, மனுஷன் முடிவுல இந்த பழைய பாட்டு வரிகளயே ஒண்ணா கோத்து பாடியிருப்பாரு. அதுக்கு முன்னாடி அந்த ஸ்லைடு சத்தத்துக்கு ஒரு வழி பண்ணணும், கம்பிய கொஞ்சம் ஒசத்திப் பாக்கலாம்னு இருக்கேன்.